நாணயக் கண்காட்சிகளில் எட்டு வருடம் டேபிள் போட்ட அனுபவம்

2017-ல் முதன்முதலாக ஒரு நாணயக் கண்காட்சியில் பழைய காசு விற்க டேபிள் எடுத்தேன். கொரோனா காலம் போக, வருடத்துக்கு நான்கைந்து ஊர்களில் போடுகிறேன். பெரும்பாலும் கல்யாண மண்டபம்தான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூன்று நாள்.

முதல் தடவை என்னிடம் இருந்ததிலேயே நல்ல காசுகளைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்தேன். விலை எதிலும் எழுதவில்லை, கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன். வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், நகர்ந்துவிட்டார்கள். மதியம் மூன்று மணி வரை போணி ஆகவில்லை. பக்கத்து டேபிளில் இருந்த பெரியவர், "விலை கேட்கவே கூச்சப்படுவாங்க தம்பி, எழுதி வை" என்றார். அன்று சாயங்காலமே எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டினேன். மறுநாள் வியாபாரம் ஓடியது. பேரம் பேசுகிறவர்கள் எப்படியும் பேசுவார்கள். அதற்குக் கொஞ்சம் இடம் விட்டு விலை போட்டால் போதும்.

ஆனால் என் டேபிளைத் தூக்கி நிறுத்தியது பத்து ரூபாய் டப்பாதான். எதை எடுத்தாலும் பத்து ரூபாய், கையை விட்டுத் துழாவலாம். 1957-ல் வந்த நயா பைசா, அறுகோண மூன்று பைசா, வளைந்த விளிம்புள்ள பத்து பைசா, கொஞ்சம் வெளிநாட்டுக் காசு. பிள்ளைகள் அரை மணி நேரம் நகரமாட்டார்கள். கூட வந்த அப்பா முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், அப்புறம் அவரும் துழாவுவார். நாலணா கையில் வந்தால், 2011-ல் அது செல்லாமல் போன கதையை மகளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பிறகுதான் அவர் கண் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். டப்பாவில் லாபம் சொற்பம். ஆனால் என் நிரந்தர வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அதன் வழியாக வந்தவர்கள்.

தராசும் காந்தமும் மேசை மேலேயே இருக்கட்டும். புலி போட்ட 1947 ரூபாயை வெள்ளி என்று நினைத்து ஒரு மாதத்தில் பத்துப் பேராவது கேட்பார்கள். காந்தத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் அது நிக்கல். விக்டோரியா மகாராணி படம் போட்ட வெள்ளி ரூபாய் என்றால் எடை 11.66 கிராம், தேய்மானம் போக அதை ஒட்டி நிற்க வேண்டும். சோதனையை அவர்களே செய்து பார்த்த பிறகு நான் வேறு எதுவும் சொல்லவேண்டி இருப்பதில்லை.

விற்பது மட்டும் இல்லை, வாங்குவதும் அதே மேசையில்தான். மதுரையில் ஒரு அம்மா சுருக்குப்பையோடு வந்தார். ராமர் படம், 1818 என்ற வருடம், கிழக்கிந்தியக் கம்பெனி பெயர். "இது லட்சம் போகுமாமே தம்பி?" அது கம்பெனி புழக்கத்துக்கு விட்ட காசே இல்லை, பிற்காலத்தில் செய்த டோக்கன். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்கும் இப்படித்தான் வதந்தி. பழைய காசு விற்றுத் தருகிறோம் என்று தன் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. "லட்சம் போகாதும்மா, பூஜை அறையில் வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பையில் இருந்த மற்றதைப் பார்த்தேன். நான்கு விக்டோரியா ரூபாய். அவர் கண்முன்னே எடை போட்டு, அன்றைய வெள்ளி விலையைச் சொல்லி, அதற்கு மேல் நான் தரக்கூடியதையும் சொன்னேன். இரண்டை விற்றார், இரண்டைப் பேத்திகளுக்கு என்று முடிந்துகொண்டார். அடுத்த வருடம் நாத்தனாரையும் கூட்டி வந்தார். இந்த இடத்தில் பொய் சொல்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

நஷ்டமும் பட்டிருக்கிறேன். மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டுவைத்த செப்புக் காசுகள் இரண்டு வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுத்துவிட்டன. இப்போது எல்லாம் அட்டை ஹோல்டரில். ஓர் ஊரில் மாடிப்படிக்குக் கீழே டேபிள் கொடுத்தார்கள். அந்த வெளிச்சத்தில் செப்பெல்லாம் கரியாகத் தெரிந்தது. அன்றிலிருந்து சொந்த எல்இடி விளக்கும் நீள ஒயரும் இல்லாமல் கிளம்புவதில்லை. டீ குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் ஒரு வெள்ளி அரை ரூபாய் காணாமல் போனது. இப்போது மச்சான் கூட வருகிறார். மண்டபத்தில் சிக்னல் கிடைக்காது, அதனால் யுபிஐயை மட்டும் நம்பாமல் பத்து ரூபாய் நோட்டுக் கட்டு ஒன்றும் எடுத்துப் போகிறேன்.

அடுத்த கண்காட்சிக்கு டப்பாவை இரண்டாகப் பிரிக்கிறேன். நம் காசு ஒன்றில், வெளிநாட்டுக் காசு இன்னொன்றில். ஒரே டப்பாவில் ஆறு கைகள் முட்டிக்கொள்கின்றன. இரண்டாவதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் எட்டுகிற மாதிரி ஒரு ஸ்டூலில் வைக்கலாம் என்று இருக்கிறேன்.