நர்சிங் கிளாஸ் தொடங்க ஆறு வாரம் இருக்கிறது: எதைப் படிக்கலாம், எதை வாங்க வேண்டாம்

அக்கா மகள் தர்மபுரியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு, பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் சேர்கிறாள். அல்சூரில் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறாள். வந்த மறுநாளே கேட்டாள்: "சித்தி, கிளாஸ் ஆரம்பிக்கறதுக்குள்ள எந்த புக் வாங்கட்டும்?" பன்னிரண்டு வருடமாக வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இந்தக் கேள்வியை நானும் அந்த வயதில் கேட்டேன், அன்று தப்பான பதில்தான் கிடைத்தது.

2021-22 முதல் படிப்பு செமஸ்டர் முறைக்கு மாறிவிட்டது. முதல் செமஸ்டரில் அனாடமி (உடல் அமைப்பு) 60 மணி நேரம், பிசியாலஜி (உடல் இயங்கும் விதம்) 60 மணி நேரம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தாள், 37 மதிப்பெண்ணும் 38 மதிப்பெண்ணுமாக. நோயாளியைக் கவனிப்பதன் அடிப்படையான நர்சிங் ஃபவுண்டேஷன் தியரி மட்டும் 120 மணி நேரம். இந்த ஓட்டத்தில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் நின்று அர்த்தம் தேட நேரம் கிடைக்காது. தமிழ் மீடியம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். இவள் பாடத்தில் கெட்டிக்காரி, சொற்கள்தான் புதிது.

பெரிய அனாடமி புத்தகங்களில் பலரும் சொல்வது சௌராசியா அல்லது ராஸ் அண்ட் வில்சன். சௌராசியா எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கானது. பல பாகங்கள், கை, மார்பு, வயிறு என்று பகுதி பகுதியாகப் போகும். நம் பாடத்திட்டமோ சுவாச மண்டலம், செரிமான மண்டலம் என்று மண்டல வாரியாக நடக்கிறது. ராஸ் அண்ட் வில்சனும் அதே வரிசைதான், அனாடமியும் பிசியாலஜியும் ஒரே புத்தகத்தில். 1963இல் முதல் பதிப்பு வந்தபோதே நர்சுகளை மனதில் வைத்து எழுதியது. எனவே இந்த இரண்டில் ராஸ் அண்ட் வில்சன்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் குறைந்த விலைக்கே கிடைக்கும். இதயமும் சிறுநீரகமும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை.

ஆனால் நர்சிங் ஃபவுண்டேஷன் புத்தகத்தைப் பழையதாக வாங்கவே கூடாது. 2010க்கு முந்தைய புத்தகத்தில் சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்குச் செய்யும் உயிர்காப்பு முதலுதவி) வரிசை மூச்சுப்பாதையில் தொடங்கும். இப்போது நெஞ்சை அழுத்துவதுதான் முதலில். மருத்துவக் கழிவுப் பைகளின் நிறங்களும் 2016 விதிகளில் மாறின. பழைய புத்தகத்தில் கறுப்புப் பையும் இருக்கும். இன்று மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். ஊசிக்கு வெள்ளை டப்பா. தப்பாக மனப்பாடம் ஆனால் குப்பை அள்ளும் அக்காவின் கையில்தான் ஊசி குத்தும்.

கேள்வி-பதில் கைடு விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். முதல் வருடம் கைடை மட்டும் நம்பி, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் தள்ளும் என்ற சூத்திரத்தை (ஒரு துடிப்பில் வரும் இரத்தம் × நிமிடத் துடிப்பு) வரி பிசகாமல் ஒப்பித்தேன். தேர்வில், ரத்தப்போக்கில் நாடி ஏன் வேகமாகிறது என்று கேட்டார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் வரும் இரத்தம் குறைவதால் எண்ணிக்கையைக் கூட்டி உடல் ஈடுகட்டுகிறது என்று அதே சூத்திரத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாள் போனது. கைடு தேர்வுக்கு முந்தைய மாதத்துக்குப் போதும். கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் பழைய கேள்வித்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வீடியோ: சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான் வேலை செய்வதைப் பார்க்க நல்லது. வருடச் சந்தா கட்டும் செயலிகள் இப்போதைக்கு வேண்டாம்.

என் தேர்வு அவளுடைய பையிலேயே இருந்தது. தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் உயிரியல்-விலங்கியல் புத்தகம். செரித்தலில் தொடங்கி சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், நரம்பு வழியாக ஹார்மோன் வரை ஐந்தாம் பாடம் முதல் பதினொன்றாம் பாடம் வரை மனித உடல்தான். ஆங்கில வழிப் புத்தகமும் இலவசமாகவே இறங்கும். அதே பாடம், அதே படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னேன். தமனி என்றால் ஆர்ட்டரி, மண்ணீரல் என்றால் ஸ்ப்ளீன், உதரவிதானம் என்றால் டயஃப்ரம். ஏற்கெனவே புரிந்த விஷயத்துக்குப் புதுப் பெயர் சூட்டுவதுதான் வேலை, அதனால் பயம் வருவதில்லை. நோட்டில் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். ஒரு நாளைக்கு இருபது சொல். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி என்று ஒரு முறை பிடிபட்டால் ஹெபடைட்டிஸும் (கல்லீரல் அழற்சி) நெஃப்ரைட்டிஸும் (சிறுநீரக அழற்சி) தானாக அவிழும். எலும்புகளுக்கு இந்தப் புத்தகம் போதாது. அதற்கு ராஸ் அண்ட் வில்சனைத் திறக்கட்டும்.

ஸ்டெதஸ்கோப், பி.பி. கருவி எதுவும் இப்போது வாங்க வேண்டாம். கல்லூரி எதைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகக் கடையில் கிடைக்காத பாடம் ஒன்று பாக்கி: கன்னடம். வார்டில் பாட்டியிடம் ஆங்கிலம் உதவாது. "எல்லி நோவு?" (எங்கே வலி?), "ஊட்டா ஆய்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்று தினம் இரவு சாப்பிடும்போது இரண்டு வாக்கியம் சொல்லித் தருகிறேன். நேற்று "தலெ சுத்துத்தா?" சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள். "இது நம்ம ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கே சித்தி!" அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள், மூன்றாவது பத்திக்கு ஒரு கோடு போட்டு.