கூகைக்கான கூடுபெட்டியும் அதனுள் ஒரு காமிராவும்: ஒரு பருவம் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

வயலோரத்தில் இருக்கும் எங்கள் பழைய நெல் கிடங்கின் உட்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, கூகை என்னும் ஆந்தைகளுக்கென்றே செய்யப்பட்ட மரப்பெட்டி ஒன்றைச் சம்பா நடவுக்கு முன்பே பொருத்தினோம். இருட்டிலும் படம் பிடிக்கும் சிறிய காமிரா ஒன்றையும் அதனுள் வைத்து, ஓர் இணை குடியேறி முட்டையிட்டுக் குஞ்சுகளைப் பறக்கவிட்டது வரை தொடர்ந்து பார்த்து வந்தோம். இரண்டையும் ஒரு தச்சுப் பட்டறையின் மூலம் ஏறத்தாழ 8,000 ரூபாய்க்கு வாங்கினோம். எலி பிடிக்கும் பறவைகள் வந்து அமர வயலில் பறவை தாங்கி என்னும் கம்பை நடும் வழக்கம் காவிரிப் படுகையில் உண்டு. அதில் வந்து அமரும் கூகைக்குக் குடியிருக்கவும் இடம் கொடுக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பெட்டி ஏற்றதா என்பதே இங்கே கேள்வி.

முதலில் அளந்து பார்க்க வேண்டியது, நுழைவாயிலின் அடிவிளிம்பிலிருந்து பெட்டியின் தளம் வரையுள்ள ஆழத்தைத்தான். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1988 முதல் கூகைகளுக்காகவே இயங்கிவரும் பார்ன் அவுல் டிரஸ்ட் என்னும் அமைப்பு, இந்த ஆழம் 450 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. இரை வரும் ஓசை கேட்டதும் குஞ்சுகள் வாயிலை நோக்கி முண்டியடிப்பதால், ஆழம் குறைந்த பெட்டியிலிருந்து பறக்கத் தெரியாத குஞ்சு கீழே விழுந்துவிடும். தரையில் கிடக்கும் குஞ்சுக்குத் தாய் தந்தை இரை கொடுப்பது அரிது. பட்டறையில் ஆயத்தமாக இருந்த பெட்டியின் ஆழம் இந்த அளவில் பாதிகூட இல்லை. கேட்டுக்கொண்ட பிறகு, கூடுதல் பணம் பெற்றுக்கொண்டு, சரியான அளவில் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். வாயிலுக்கு வெளியே குஞ்சுகள் நின்று சிறகடித்துப் பழக ஒரு மேடையையும், பருவம் முடிந்ததும் துப்புரவு செய்யப் பக்கவாட்டில் அகலமான கதவையும் அப்போதே சேர்க்கச் சொன்னது மிகவும் பயன்பட்டது. தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகையும், உட்புறம் வண்ணம் பூசாமல் விட்டிருப்பதும், மேல் விளிம்பில் காற்றுத் துளைகள் இட்டிருப்பதும் நம் வெப்பத்துக்குப் பொருத்தமானவை.

கூகை சுள்ளியோ புல்லோ கொண்டுவந்து கூடு கட்டுவதில்லை. தான் கக்கும் எலும்பும் மயிரும் கலந்த உருண்டைகளை மிதித்து நொறுக்கி, அந்தப் படுகையின் மேலேயே முட்டையிடுகிறது. ஆகவே புதுப் பெட்டியில் உலர்ந்த மரச்சீவலை விரல் உயரத்துக்குப் பரப்பி வைப்பது நல்லது. வழவழப்பான பலகையில் முட்டை உருண்டோடும். எங்கள் பெட்டியில் ஐந்து வெண்ணிற முட்டைகள், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக வந்தன. முதல் முட்டையிலிருந்தே பெட்டை அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துக் குஞ்சுகளும் அதே இடைவெளியில் பொரிந்தன. மூத்தது கண் திறந்து நிமிர்ந்து உட்காரும் வேளையில் கடைக்குட்டி தலை தூக்கவும் இயலாமல் கிடந்தது. இந்த ஏற்றத்தாழ்வு இயற்கையின் ஓர் ஏற்பாடு. எலி மிகுந்த பருவத்தில் எல்லாக் குஞ்சுகளும் தேறும். இரை குறைந்தால் இளையவை மடிந்து மூத்தவையேனும் பிழைக்கும்.

அடைகாக்கும் காலத்தில் பெட்டை கூட்டைவிட்டு அகல்வது மிகக் குறைவு. இரை முழுவதும் ஆணின் பொறுப்பு. வயல் எலிகளையும் சுண்டெலிகளையும் அது கொண்டுவந்து குவிக்க, சில இரவுகளில் தின்றது போக மீந்தவை மூலையில் அடுக்காகக் கிடந்தன. குஞ்சுகள் பிறந்த முதல் வாரங்களில் தாய் இறைச்சியைச் சிறுசிறு துண்டாகக் கிழித்து ஊட்டுகிறது. பின்னர் அவை எலியை முழுதாக விழுங்கக் கற்றுக்கொண்டதும் அதுவும் வேட்டைக்குப் போகிறது. அதற்குப் பின் வரும் இரவுகளே பார்ப்பதற்கு மிகவும் அரியவை. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரூலான் நெடுங்காலம் ஆராய்ந்து காட்டியபடி, பெற்றோர் இல்லாத நேரத்திலும் குஞ்சுகள் ஒன்றையொன்று நோக்கிக் குரல் கொடுக்கின்றன. பசி மிகுந்தது ஓயாமல் குரலெழுப்ப, மற்றவை அடுத்த இரைக்கான போட்டியிலிருந்து விலகிக்கொள்கின்றன. மூத்த குஞ்சு தன் பங்கை இளையதற்கு அலகால் நீட்டியதை எங்கள் திரையிலும் கண்டோம். கூகை அலறினால் இழவு விழும் என்று முதலில் கடிந்துகொண்ட பக்கத்து வீட்டுப் பெரியம்மா, பிறகு மாலைதோறும் வந்து, "சின்னதுக்கு இரை கெடச்சுதா?" என்று கேட்கலானார். ஒரு கூடுபெட்டிக்கு இதைவிடப் பெரிய நற்சான்று எனக்குத் தெரியவில்லை.

குறைகள் காமிராவில்தான் அதிகம். அதன் அகச்சிவப்பு விளக்கு 850 நானோமீட்டர் வகை என்பதால், அருகிலிருந்து பார்த்தால் மங்கிய செந்நிறம் தெரிகிறது. கூகைகள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆயினும் கண்ணுக்கே புலப்படாத 940 நானோமீட்டர் வகையைக் கேட்டு வாங்குவதே முறை. ஒலிவாங்கியில் தொடர்ந்து இரைச்சல் இருந்ததால், குஞ்சுகளின் சீறலைத் தவிர நுண்ணிய குரல்கள் பதிவாகவில்லை. கண்ணாடியில் சிலந்தி வலை பின்னியபோது துடைக்க வழியில்லை. முட்டையிட்ட பிறகு பெட்டியைத் திறந்தால் பெட்டை அஞ்சிக் கூட்டையே கைவிடக்கூடும். கம்பி இழுப்பது, கோணம் பார்ப்பது ஆகிய வேலைகள் அனைத்தையும் பறவை வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

ஆழத்தைச் சரியாகச் செய்து தரும் பட்டறை கிடைத்தால் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். காமிராவைத் தனியே தேர்ந்தெடுங்கள். ஆனால் சுற்றியுள்ள வயல்களில் புரோமாடியோலோன் போன்ற எலி நஞ்சை வைப்பவர்கள் இருந்தால், அவர்களிடம் பேசி நிறுத்தச் செய்யும் வரை பெட்டியை மாட்டவே வேண்டாம். நஞ்சுண்ட எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அதைத்தான் கூகை எளிதில் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொண்டுவரும்.