கிளாரிஃபையர் குமிழும் நானும்: சிபி செட்டோடு நாலரை வருஷம்

என்னிடம் ஒரு சிபி செட் இருக்கிறது, பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இருவழி ரேடியோ. இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே செட் இப்போ பழசுல பாதி விலைக்கு வருது. வாங்கலாமா? தூரத்து ஸ்டேஷன் எதுவும் முன்ன மாதிரி கேக்கலைன்னுதான் விக்கிறாங்களாம். செட்ல கோளாறா?" இவை வேறு வேறு கேள்விகள். ஒரு வரியில் பதில் சொன்னால் நியாயமாக இருக்காது.

2021 மே மாதம் வாங்கினேன். நார்விச் பக்கம் வீடு. கொல்லையில் ஐந்தரை மீட்டர் அரை அலை ஆன்டெனா செங்குத்தாக நிற்கிறது. 40 சேனல், எஃப்எம்மில் 4 வாட், எஸ்எஸ்பி என்கிற ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் 12 வாட் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஸ்பீக்கர் குரல் தெளிவு. மைக் வயரைக்கூட நான் இதுவரை மாற்றவில்லை. உள்ளூர் நண்பர்களோடு பதினைந்து கிலோமீட்டர் தூரம் பேச இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

ஆனால் உள்ளூர் பேச்சுக்காக நான் இதை வாங்கவில்லை. ஸ்கிப்புக்காக, அதாவது வானத்தில் பட்டுத் திரும்பி வரும் தூரத்துக் குரல்களுக்காக வாங்கினேன். வாங்கிய அடுத்த மாதமே, ஒரு காலை ஒன்பதரை மணிக்கு, அதுவரை வெறும் இரைச்சலாக இருந்த சேனலில் சிசிலித் தீவின் பாலெர்மோவிலிருந்து ஒருவர் பக்கத்து அறையில் நிற்பதுபோலப் பேசினார். ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். நான் அனுப்பியதோ, ஒரு சின்ன பல்பு எரியும் அளவு சக்தி. அவர் என் பெயரைத் திருப்பிச் சொன்னபோது கை நடுங்கியது. தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், வளிமண்டலத்தின் ஈ அடுக்கில் திட்டுத் திட்டாக அயனிகள் அடர்ந்துவிட்டால் 27 மெகாஹெர்ட்ஸ் அலை அதில் பட்டுத் திரும்பி வரும். இங்கே மே முதல் ஆகஸ்ட் வரை அதற்குப் பருவம். அந்த நேரத்தில் 300 கிலோமீட்டரில் இருப்பவர் கேட்கமாட்டார், சிசிலிக்காரர் கேட்பார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு இது பழகவே இல்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். கிளாரிஃபையர்.

எஸ்எஸ்பியில் மூல அலையை அனுப்புவதில்லை, குரலின் ஒரு பக்கத்தை மட்டும்தான் அனுப்புகிறோம். கேட்கிற செட் சரியான இடத்தில் நின்றால்தான் அது மனிதக் குரலாகும். நூறு இருநூறு ஹெர்ட்ஸ் விலகினாலே கீச்சென்றோ கரகரவென்றோ ஆகிவிடும். அதைச் சரிசெய்யும் குமிழ் இந்தச் செட்டில் சுண்டுவிரல் நகம் அளவுதான். நூலிழை திருப்பினால் போதும், குரல் அந்தப் பக்கம் ஓடிவிடும். போதாததற்கு, செட் சூடாகும்வரை முதல் அரைமணி நேரம் அதுவாகவே நகர்ந்துகொண்டிருக்கும்.

உள்ளூரில் இது ஒரு குறையே இல்லை. ஸ்கிப்பில் சில சமயம் மொத்தமே இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். 2023 டிசம்பரில் ஒரு மதியம், 38ஆம் சேனல், எஸ்எஸ்பியின் கீழ்ப் பக்கப்பட்டை. வட கரோலினாவிலிருந்து ஒருவர் மூன்று முறை என்னைக் கூப்பிட்டார். நான் குமிழைத் திருகித் திருகி அவர் குரலைப் பிடிப்பதற்குள் அவர் இரைச்சலுக்குள் இறங்கிவிட்டார். அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த குரலை ஒரு குமிழால் இழந்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. இந்த விலைக்கு இவ்வளவுதான் கொடுக்க முடியும் என்று தயாரித்தவர்கள் சொல்லலாம். சரி, நியாயம்தான். ஆனாலும் எஸ்எஸ்பி என்று பெட்டியில் போட்டு விற்கிறவர்கள் அதைப் பிடிக்க ஒரு நல்ல குமிழ் கொடுக்க வேண்டாமா?

செட்டில் கோளாறா என்ற தம்பியின் இரண்டாவது கேள்விக்கு நானும் ஒருமுறை தவறான பதில்தான் கண்டுபிடித்தேன். 2024 மே 10ஆம் தேதி இரவு இங்கே வானம் இளஞ்சிவப்பாக எரிந்தது. ஜி5, அதாவது உச்ச அளவிலான புவிகாந்தப் புயல். அடுத்த நாள் செட்டில் எதுவுமே இல்லை. வானத்தைச் சந்தேகிக்காமல், ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் வயரைக் கழற்றி, முனைகளைப் புதிதாகப் பற்றவைத்தேன். 2025 ஜூனில், அமெரிக்கா கேட்டு மாதக்கணக்காகிறதே என்று செட்டையே பழுதுபார்க்கக் கொடுத்தேன். திறந்து பார்த்தவர், ரிசீவர் நன்றாக இருக்கிறது, கிளாரிஃபையர் பின்னால் குமிழோடு திரும்பும் மின்தடையான பொட்டன்ஷியோமீட்டர்தான் தேய்ந்திருக்கிறது என்று மாற்றிக்கொடுத்தார். 45 பவுண்டு. அமெரிக்கா அப்போதும் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை: அந்தத் தூரத்துக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும் எஃப்2 அடுக்கு வேண்டும், 27 மெகாஹெர்ட்ஸைத் திருப்பும் வலு அதற்குக் கோடைப் பகலில் குறைவு. அக்டோபர் மதியங்களில் அதே செட், அதே ஆன்டெனாவில் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

அதனால் தம்பி, விற்கிறவர்களின் செட்டில் கோளாறு இருக்கவேண்டும் என்று இல்லை. சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதைப் பொறுத்துத்தான் எஃப்2வின் வலுவும் கூடிக் குறையும். இந்தச் சூரியச் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. ஒரு சுழற்சி சுமார் 11 ஆண்டு. இனி சில ஆண்டுகளுக்கு எஃப்2 மெலிந்துகொண்டே போகும். அமெரிக்காவுக்காக வாங்குவதென்றால் காலம் தாழ்ந்துவிட்டது. இத்தாலி, ஸ்பெயின் போதுமென்றால் கவலை இல்லை, கோடை ஸ்கிப் கரும்புள்ளிகளை எதிர்பார்த்து வருவதில்லை.

இந்தச் செட்டை வாங்கலாமா என்றால், வேண்டாம். பாதி விலைக்கும் வேண்டாம். இன்னும் கொஞ்சம் சேர்த்து, பெரிய குமிழ் உள்ளதாக, நகராமல் நிற்பதாக வாங்குங்கள். "அப்போ உங்களுதை எனக்குக் கொடுங்க, உங்களுக்கும் வேண்டாமே" என்று நேற்று கேட்டீர்கள். அது நடக்காது. பாலெர்மோக்காரர் என் பெயரைச் சொன்னது இந்த ஸ்பீக்கரில்தான்.

மீறி வாங்கிவிட்டால் ஒன்று செய்யுங்கள். மே மாதம் காலை ஒன்பது மணிக்குக் கேட்க உட்காருவதென்றால், எட்டரைக்கே செட்டைப் போட்டுவிடுங்கள்.