கையேட்டை ஈபப் ஆகவும் கொடுத்துப் பார்த்ததில்

கிளிநொச்சியில் பெடியளுக்குப் பைதன் சொல்லிக் கொடுக்கிறோம். எங்கள் திறந்த மூலச் செயலியின் கையேடு ஸ்ஃபிங்ஸ் (Sphinx) என்ற ஆவணக் கருவியில் எழுதியது. அதில் ஈபப் (EPUB) என்ற மின்னூல் வடிவ வெளியீட்டைச் சேர்த்துக் கன காலம், இனி நம்பி எழுதலாம்.

ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கமிருந்து வாற பிள்ளைகள் பலருக்கு வீட்டில் சிக்னல் ஒழுங்காக இல்லை, டேட்டாவும் மாதக் கடைசியில் முடிந்துவிடும். இணையக் கையேடு ஒவ்வொரு பக்கத்துக்கும் இணைப்புக் கேட்கும். ஈபப் என்றால் வகுப்பில் ஒருவர் இறக்கி மற்றவர்களுக்குப் புளூடூத்தில் அனுப்பிவிடலாம், ஏ9 வீதியில் பஸ்ஸில் போகும்போதே வாசிக்கலாம்.

சேர்ப்பது சுலபம். ஸ்ஃபிங்ஸ் 2008இல் பைதனின் ஆவணங்களுக்காக வந்த கருவி. கட்டளை வரியில் மேக் ஈபப் (make epub) என்று கொடுத்தால் கோப்பு வந்துவிடும். கையேட்டை ரீட் த டாக்ஸ் (Read the Docs) என்ற ஆவணத் தளத்தில் வைத்திருப்பவர்கள் அமைப்புக் கோப்பில் ஃபார்மட்ஸ் (formats) என்பதன் கீழ் ஈபப் என்று எழுதினால் சரி, பிறகு அதுவே கட்டித் தரும். பிடிஎஃப் எடுக்க லாடெக் (LaTeX) என்ற பக்க அமைப்பு மென்பொருளை நிறுவ வேண்டும், தமிழுக்கு அதிலேயே ஸீலாடெக் (XeLaTeX) போன்ற இயந்திரத்துக்கு மாற வேண்டும், அவ்வளவும் செய்த பிறகும் போன் திரையில் பெரிதாக்கி இழுத்து இழுத்துத்தான் வாசிக்க வேண்டும்.

பாவனையில் எங்களை அதிகம் அலைத்தது நிரல் வரிகள்தான். நீளமான வரியைச் சில வாசிப்புச் செயலிகள் திரை ஓரத்தோடு வெட்டிவிடும், பக்கவாட்டில் நகர்த்தவும் வழியிராது, பிள்ளை பாதிக் கட்டளையைத் தட்டிவிட்டு ஏன் ஓடவில்லை என்று முழித்துக்கொண்டு நிற்கும். ஈபப்புக்குத் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தனி சிஎஸ்எஸ் (CSS) கோப்புக் கொடுத்து, அதில் நிரல் பகுதிக்கு பிரீ-ராப் (pre-wrap) என்ற விதியைப் போட்டால் வரி மடியும். ஆனால் பைதனில் வரித் தொடக்கத்து இடைவெளிக்கே பொருள் உண்டு, மடிந்த துண்டு புதுவரி போலத் தெரிந்தால் படிக்கத் தொடங்கியவர் குழம்பிப் போவார். ஆகவே மூலக் கோப்பிலேயே உதாரணங்களைக் குறுக்கி எழுதுகிறோம். அது இணையப் பக்கத்தையும் தெளிவாக்கியது, எனக்கு இதில் மிகப் பிடித்த விளைவு.

வெளி இணைப்புகளின் முகவரிகளை ஸ்ஃபிங்ஸ் தானாக அடிக்குறிப்பாகச் சேர்க்கும். பலர் அதை நிறுத்திவிடுவார்கள், நாங்கள் வைத்திருக்கிறோம். இணைப்பு இல்லாமல் வாசிப்பவருக்கு முகவரி கண்ணில் பட்டால்தான் பிறகு போய்த் தேடலாம்.

அப்புறம் தமிழ். எழுத்துருவை உள்ளே பதித்தாலும் ‘கொ’, ‘நெ’ போன்றவற்றின் கொம்பைச் சரியான இடத்தில் வைப்பது வாசிப்புச் செயலியின் வேலை. பழைய சிலவற்றில் அது குலைந்து வருகிறது. நாங்கள் பாவிக்கும் கோரீடர் (KOReader) என்ற வாசிப்புச் செயலி, எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் (HarfBuzz) நிரலகத்தைப் பயன்படுத்துவதால் எங்களிடம் ஒழுங்காகத் தெரிகிறது. ஆண்ட்ராய்டிலும் ஓடும், இலவசம்.

இன்னும் தீராத ஒன்று பழைய பிரதிகள். கைமாறிப் போன கோப்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது, இரண்டு பேர் இரண்டு பதிப்பை வைத்துக்கொண்டு வகுப்பில் வாதிடுவார்கள். கோப்பின் பெயரிலும் முதல் பக்கத்திலும் பதிப்பு எண்ணைப் போடத் தொடங்கிய பிறகு ‘உன்ரை எந்தப் பதிப்பு?’ என்று முதலில் கேட்கப் பழகிவிட்டார்கள். ஈபப் கொடுக்கிற எல்லாத் திட்டங்களும் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.