தமிழ்99, ஒலிபெயர்ப்பு, குரல்: எதில் வேகம்?

பல வருடம் ஒலிபெயர்ப்பில், அதாவது ஆங்கில எழுத்துகளைத் தட்டித்தான், கணினியில் தமிழ் எழுதினேன். இப்போது தமிழ் எழுத்துகளையே நேரடியாகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறிவிட்டேன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தட்டல் கணக்கில் தமிழ்99 முந்துகிறது. 'பறவை'க்கு ஒலிபெயர்ப்பில் 7 தட்டல், றகரத்துக்கு ஷிஃப்ட் வேறு. தமிழ்99இல் 4 போதும். அகரம் ஏறிய மெய்க்கு ஒரே விசை என்பதால் வரும் லாபம் இது. 'ம'வை இருமுறை தட்டினால் முதல் மகரத்துக்குத் தானே புள்ளி விழும். 'ந'வை அடுத்து 'த' வந்தாலும் அப்படியே. 'மமதை' போன்ற சொற்களில் மட்டும் நடுவே ஓர் 'அ' தட்டிப் பிரிக்க வேண்டும்.

ஆனால் நான் மாறியதற்குக் காரணம் தட்டல் கணக்கு இல்லை, கண். ஒலிபெயர்ப்பில் பள்ளி என்று நினைத்துத் தட்டினால் பல்லி வந்து நிற்கும். அரையா அறையா என்று பரிந்துரைப் பட்டியலைப் பார்க்க வேண்டும், தேர்ந்தெடுக்க வேண்டும், அப்புறம் விட்ட வாக்கியத்தைப் பிடிக்க வேண்டும். விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்த நிறுத்தம் அதைத் தின்றுவிடுகிறது. தமிழ்99இல் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை. ந, ண, ன என்பவற்றுக்கும் அப்படித்தான். தட்டியது எதுவோ அதுவே வரும். திரையைப் பார்க்காமல் ஒரு பத்தி முழுவதும் எழுத முடிகிறது. உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருப்பதால் இரண்டு கைகளும் மாறி மாறி ஓடும் ஒரு தாளமும் கிடைக்கிறது. பழகும்வரை வேகம் பாதியாகக் குறைந்தது உண்மை. எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

குரல்? 2016இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், கைபேசியில் ஆங்கிலத்தைப் பேசி உள்ளிடுவது தட்டுவதைவிடச் சுமார் 3 மடங்கு வேகமாக இருந்தது. தமிழில் நான் பேசிப் பார்த்தவரை முதல் வரைவு சட்டென்று வந்துவிடுகிறது. ஒற்று, நிறுத்தக்குறி, பேச்சுவழக்கு இவற்றைத் திருத்துவதில் அந்த நேரம் போய்விடுகிறது. நீண்ட கட்டுரைக்கு அதை நான் முயன்றதில்லை.

கைபேசியில் தட்டுவதிலும் எனக்கு அனுபவம் குறைவு. இரண்டு கட்டைவிரலால் தட்டும்போது கைகள் மாறி மாறி ஓடும் அந்தத் தமிழ்99 தாளம் எனக்குக் கூடவில்லை. அங்கே இரண்டு வரிப் பதிலுக்கு இன்னும் ஒலிபெயர்ப்பையே வைத்திருக்கிறேன்.