மலையில் நிற்கும் காருக்கு டப்பா வேக்ஸா, ஸ்ப்ரேயா?

கோத்தகிரியில் கூரையில்லாத இடத்தில் நிற்கிற கார் எங்களுடையது. கரும் நீல நிறம். டப்பாவில் வரும் கார்னாபா பேஸ்ட், பாலிஷும் வேக்ஸும் கலந்த திரவம், பாலிமர் ஸ்ப்ரே மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது ஸ்ப்ரேதான் வாங்குகிறேன். மலையில் கார் வைத்திருக்கிற யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

முதலில் பாலிஷைத் தனியே ஒதுக்கிவிடலாம். அதில் நுண்ணிய தேய்ப்புத் துகள் இருக்கிறது. பெயின்ட்டுக்கு மேலிருக்கும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சுரண்டித்தான் அது கீறலை மறைக்கிறது. கிளியர் கோட்டின் கனமே ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அதுவே. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 விழுக்காடு வீதம் அந்தக் கதிர் கூடுகிறது; ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. குளிர்கிறதே என்று இங்குள்ள வெயிலைக் குறைவாக எடைபோடக் கூடாது. மங்கிப்போன இடத்தில் மட்டும், வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் பாலிஷ் வேண்டாம். கலவைத் திரவத்திலும் இதே தேய்ப்பு இருப்பதால் அதையும் நிறுத்திவிட்டேன்.

மிச்சம் இருப்பது பேஸ்ட்டும் ஸ்ப்ரேயும். கார்னாபா பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. அடர்நிறக் காரில் அது தரும் ஆழமான மினுமினுப்பு ஸ்ப்ரேயில் வராது. ஒரு டப்பா நெடுநாள் வரும், செலவும் குறைவு.

ஆனால் மலையில் முடிவு செய்வது பளபளப்பு அல்ல, காய்கிற நேரம். பேஸ்ட்டைத் தடவி, வெண்மையாகப் பூத்த பிறகுதான் துடைத்தெடுக்க வேண்டும். காலையில் தகடு சில்லென்று இருக்கும். கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் காற்றின் ஈரம் அதில் படிந்துகொண்டே இருக்கும். வெயில் ஏறித் தகடு காய்வதற்குள் பாதி நாள் போய்விடும். பிற்பகலில் மிஸ்ட் இறங்கிவிட்டால் தடவியது பூக்காது, துடைத்தால் திட்டுத்திட்டாக இழுபடும். போதாததற்கு, பக்கக் கண்ணாடியின் இடுக்கிலிருந்தும் கதவுப் பிடியிலிருந்தும் தேங்கிய தண்ணீர் மெதுவாக வழிந்து, போட்ட மெழுகின் மேல் கோடு போடும்.

ஸ்ப்ரேயில் இந்தக் காத்திருப்பு இல்லை. ஒரு கதவுக்கு இரண்டு தடவை அடித்து, ஒரு மைக்ரோஃபைபர் துணியால் பரப்பி, இன்னொன்றால் உடனே துடைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போகலாம். ஈர வண்டியிலேயே அடிக்கிற வகையும் கிடைக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் பேஸ்ட் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும். ஸ்ப்ரேயில் அந்தத் தொல்லை குறைவு. சக்கரத்துக்கும் அடித்துவிடுவேன். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தால் சக்கரத்தில் அப்பியிருக்கும் பிரேக் தூள், அடுத்த கழுவலில் எளிதாகப் போகிறது.

ஸ்ப்ரேயில் ஒரு குறை, அடிக்கடி போட வேண்டும். புட்டியில் எழுதியிருக்கும் மாதக் கணக்கை நம் மழையில் நம்பியிருக்க வேண்டாம். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் தகடோடு ஒட்டிப் படர்ந்தால் மறுபடி அடிக்கும் நேரம் வந்துவிட்டது. வெள்ளைக் காரிலும் கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு பெயின்ட்டிலும் நான் இதைப் போட்டதில்லை.

கழுவுவதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நிழலில், கார் ஷாம்பூவில், செம்மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழித்த பிறகே துணி வைக்க வேண்டும்.

எப்போது போடுவது என்பது ஊரைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது, ஆகவே மே முடிவதற்குள். கோத்தகிரி, குன்னூரில் வடகிழக்கு மழை கனம், செப்டம்பருக்குள் ஒரு கனமான சுற்று.

மூடிய கொட்டகை இருப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட நாட்களில் பேஸ்ட் போடலாம், நன்றாகவே வரும். உறைபனி விழுந்த காலையில் மட்டும் துணியால் தேய்த்து எடுக்காமல், வெயிலில் அதுவாக உருகட்டும். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கிற உறவினர் கேட்டால், டப்பாவையே வாங்கச் சொல்வேன்.