எழுபதில் ஃபேஸ்புக், இருபதில் கேமரா

அரிசோனா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 68 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஃபேஸ்புக் கற்றுக்கொடுத்தார்கள். குழுவினர் தமக்குள் மட்டும் நண்பர்களாகி, நாள்தோறும் ஏதாவது எழுத வேண்டும். இன்னொரு குழு இணையத்தில் நாட்குறிப்பு எழுதியது. அதைப் படிக்க யாரும் இல்லை. 8 வாரங்களுக்குப் பிறகு, பழைய தகவலைத் தள்ளிப் புதியதை மனத்தில் இருத்தும் திறன் ஃபேஸ்புக் குழுவில்தான் கூடியிருந்தது. தட்டச்சு செய்தது நாட்குறிப்புக்காரர்களும்தான். எனவே, பதில் சொல்ல ஆள் இருந்ததே மருந்தாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். என் பெரியம்மா ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி பேத்திக்கு வாழ்த்து அனுப்பும்போது நெற்றி சுருங்குகிறது. அந்த உழைப்பைக் கண்ணால் பார்க்கிறேன்.

இளையவர்கள் பக்கம் கணக்கு வேறு. உளவியலாளர் லிண்டா ஹென்கல் கல்லூரி மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படமெடுக்கச் சொன்னார். மறுநாள், படமெடுத்தவையே குறைவாக நினைவில் இருந்தன. 2014இல் வெளியான முடிவு இது. நினைவு வைக்கும் வேலையைக் கேமராவிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்பது அவர் தந்த விளக்கம். ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. முழுப் பொருளுமே நினைவில் நின்றது.

இந்த இரண்டு முடிவுகளையும் வயதை வைத்து மட்டும் பிரிக்க எனக்கு மனமில்லை. முதியவர் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே இருந்தால் அரிசோனாவின் பலன் அவருக்கு எப்படிக் கிடைக்கும்? தாத்தாவுக்குப் போன் வாங்கித் தருபவர்கள், அவர் எழுதினால் பதில் எழுதவும் வேண்டும்.